எலெக்ட்ரானை ஆட்டிவைக்கும் லேசர்: முதல் பக்க எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்

கிலோஹெர்ட்ஸ் டைட்டானியம்-சஃபையர் ஆம்ப்ளிஃபையர், அதாவது வினாடிக்கு ஆயிரம் குட்டி ஒளித் துடிப்புகளை (பல்ஸ்) பெருக்கித் தரும் லேசர். 800 நானோமீட்டர் அலைநீளம், பல்ஸ் ஒன்றுக்குச் சில மில்லிஜூல், 25 ஃபெம்டோ வினாடி (ஒரு வினாடியைப் பத்து கோடி கோடிக் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு ஃபெம்டோ வினாடி), கூடவே ஃபேஸை, அதாவது பல்ஸுக்குள் ஒளி அலையின் உச்சி எங்கே விழுகிறது என்பதை, பிடித்து நிறுத்தும் தொகுப்பு, அதற்குப் பின்னால் பல்ஸை இன்னும் குட்டையாக்க வாயு நிரப்பிய ஹாலோ ஃபைபர் கம்ப்ரஸர். நான் விமர்சிக்கப் போகும் சாமான் இதுதான். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் போஸ்ட்டாக் வேலை, இந்தப் பெட்டி வந்து இறங்கியதிலிருந்து இதோடுதான் குடித்தனம். விற்ற நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். உலகத்தில் இதை விற்பவர்களே கொஞ்சம் பேர்தான், பெட்டிக்குள் இருப்பதிலும் பெரிய வித்தியாசம் கிடையாது, நான் சொல்லப் போகும் தலைவலிகள் யாரிடம் வாங்கினாலும் வரக்கூடியவை.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். லேசர் நல்ல லேசர். ஆனால் அணுவுக்குள் இருக்கும் எலெக்ட்ரானை நம் இஷ்டப்படி ஆட வைப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், விற்பனைத் தாளின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற பல்ஸ் நீளமும் ஆற்றலும் இரண்டாம்பட்சம். பார்க்க வேண்டிய எண் உள்ளே எங்கோ பொடி எழுத்தில், மில்லிரேடியன் என்கிற கோண அளவில் இருக்கும். அது என்ன, ஏன் என்று சொன்னால்தான் மீதி விமர்சனம் புரியும், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் படித்த நீல்ஸ் போரின் அணு மாதிரியை வைத்துக் கணக்குப் போட்டால் ஹைட்ரஜனில் எலெக்ட்ரான் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 150 அட்டோ வினாடி ஆகும். ஆயிரம் அட்டோ வினாடி சேர்ந்தால்தான் ஒரு ஃபெம்டோ வினாடி. நம் 800 நானோமீட்டர் ஒளி ஒரே ஒரு முறை ஏறி இறங்கி முடிக்கவே 2.7 ஃபெம்டோ வினாடி எடுத்துக்கொள்கிறது, அதாவது எலெக்ட்ரானின் சுற்றைவிடப் பதினெட்டு மடங்கு மெதுவான கருவி நம் கையில். அப்படியிருக்க இதை வைத்து எலெக்ட்ரானை எப்படிப் பிடிப்பது? அலையின் முழு நீளத்தையும் பார்க்கக் கூடாது, அதன் சரிவைப் பார்க்க வேண்டும். ஒரு அலைக்குள்ளேயே மின்புலம் ஏறுகிறது, உச்சி தொடுகிறது, இறங்குகிறது, திசை மாறுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கோடி கோடி வாட் செறிவில் குவித்தால் அந்த மின்புலம், ஹைட்ரஜன் அணு தன் எலெக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் மின்புலத்தில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியலாம், ஆனால் இது போதும். உச்சியை ஒட்டிய சில நூறு அட்டோ வினாடிக்குள் எலெக்ட்ரான் தன்னை அடைத்து வைத்திருக்கும் ஆற்றல் சுவரைத் துளைத்து வெளியே வரும், மின்புலம் அதை இழுத்துக்கொண்டு போகும், புலம் திரும்பும்போது எலெக்ட்ரானும் திரும்பி வந்து தன் அணுவிலேயே மோதும், மோதும்போது தீவிரப் புறஊதாக் கதிரைக் கக்கும். 1993ல் பால் கார்க்கம் எளிமையாக எழுதிக் காட்டிய கதை இது. ஆன் லுயிலியே 1987லேயே பிரான்ஸின் சாக்லேயில் ஆர்கான் வாயுவில் இந்தக் கதிர்களைப் பார்த்துவிட்டார். 2001ல் பியர் அகோஸ்தினியின் குழு இந்தக் கதிர்கள் 250 அட்டோ வினாடி பல்ஸ்களாக வரிசையாக வருவதை அளந்து காட்டியது, அதே வருடம் வியன்னாவில் ஃபெரென்ஸ் க்ராவ்ஸின் குழு 650 அட்டோ வினாடியில் ஒற்றைப் பல்ஸைத் தனியாகப் பிரித்தது. லுயிலியே, அகோஸ்தினி, க்ராவ்ஸ் மூன்று பேருக்கும் 2023ல் நோபல். அந்தப் பரிசுக்குப் பிறகுதான் எங்கள் மாதிரி ஆய்வகங்களுக்குப் புது லேசர் வாங்க நிதி கேட்பது கொஞ்சம் சுலபமானது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, ஃபேஸ் விஷயத்துக்கு வருவோம். 25 ஃபெம்டோ வினாடி பல்ஸுக்குள் ஒன்பது அலைகளுக்கு மேல் இருக்கும். நடு அலையின் உச்சி பல்ஸின் நட்டநடுவில் இருக்கிறதா, கொஞ்சம் தள்ளி இருக்கிறதா என்று எலெக்ட்ரான் பெரிதாகக் கவலைப்படாது, இந்த உச்சி இல்லையென்றால் அடுத்த உச்சி, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரம். அதே பல்ஸை ஃபைபரில் செலுத்தி 5 ஃபெம்டோ வினாடியாகச் சுருக்கிவிட்டால் உள்ளே இரண்டு அலைகூட முழுதாக இல்லை. இப்போது உச்சி நடுவில் விழுந்தால் ஒரே ஒரு பெரிய அடி, கால் அலை தள்ளி விழுந்தால் எதிரெதிர்த் திசையில் இரண்டு நடுத்தர அடி. எலெக்ட்ரானுக்கு இரண்டும் முற்றிலும் வேறு அனுபவம். 2001ல் கெர்ஹார்ட் பவுலஸின் குழு, பல்ஸுக்குப் பல்ஸ் எலெக்ட்ரான் இடது பக்கம் அதிகம் போகிறதா வலது பக்கம் அதிகம் போகிறதா என்று எதிரெதிரே டிடெக்டர் வைத்து இதைப் பிடித்தது. 2003ல் பல்துஷ்காவும் க்ராவ்ஸும் கூட்டாளிகளும் ஆம்ப்ளிஃபையரிலேயே ஃபேஸைக் கட்டிப்போட்டுக் காட்டினார்கள். 2006ல் மத்தியாஸ் க்ளிங்கின் குழு டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) மூலக்கூறை உடைக்கும்போது எலெக்ட்ரான் எந்தப் பக்கத்து அணுவோடு தங்க வேண்டும் என்பதையே ஃபேஸைத் திருப்பி மாற்றியது. இடது என்றால் இடது, வலது என்றால் வலது. எலெக்ட்ரானை ஆட்டிவைப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடும்போது அடியின் வேகம் எவ்வளவு இருந்தாலும் தாளம் தவறினால் என்ன ஆகும் என்று தெரியும்தானே, இங்கேயும் அப்படித்தான். இப்போது விற்பனைத் தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான் சொன்ன அந்தப் பொடி எழுத்து எண் இந்த ஃபேஸின் ஆட்டம்தான்; ஃபேஸ் 200 மில்லிரேடியன் ஆடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு முழு அலை 6.28 ரேடியன், 2,670 அட்டோ வினாடி. அப்படியானால் உச்சி 85 அட்டோ வினாடி முன்னும் பின்னும் ஆடுகிறது. 300 மில்லிரேடியன் என்றால் 127. ஹைட்ரஜன் சுற்றோடு ஒப்பிட்டால் எலெக்ட்ரான் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்றையே முடித்துவிடும் நேரம். பல்ஸ் 25 ஃபெம்டோ வினாடியா 22 ஃபெம்டோ வினாடியா என்று விற்பனையாளர் அரை மணி நேரம் பெருமை பேசுவார், எப்படியும் ஃபைபரில் விட்டு 5க்குச் சுருக்கப் போகும் நமக்கு அந்த மூன்று ஃபெம்டோ வினாடியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்த மில்லிரேடியன் எண்ணிலும் ஒரு சூது இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ஃபேஸை அளக்கும் கருவி ஒவ்வொரு பல்ஸையும் தனியாகப் பார்க்கிறதா, அல்லது இருபது முப்பது பல்ஸைச் சேர்த்து ஒரு படமாக எடுக்கிறதா? சேர்த்து எடுத்தால் ஆட்டம் தானாகக் குறைந்து தெரியும். பல்ஸுக்குப் பல்ஸ் தொடர்பில்லாத ஆட்டமாக இருந்தால், 25 பல்ஸைச் சராசரி போட்ட மாத்திரத்தில் எண் ஐந்தில் ஒன்றாகிவிடும். ஆனால் எலெக்ட்ரான் சராசரி பல்ஸைச் சந்திப்பதில்லை, அதற்கு ஒவ்வொரு பல்ஸும் தனித்தனிதான். இன்னொன்று, அளந்த எண் எந்த இடத்தில் எடுத்தது? அளந்து அளந்து ஃபேஸைத் திருத்துகிற அதே பின்னூட்டச் சுற்றுக்குள்ளேயே இருக்கும் கருவியில் அளந்தால் எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும், தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற வேலை அது. சுற்றுக்கு வெளியே தனியாக இன்னொரு கருவி வைத்து, ஃபைபருக்கும் பிறகு, சோதனை நடக்கும் இடத்தை ஒட்டி அளந்தால்தான் உண்மை தெரியும். எங்களுக்குத் தாளில் சொன்னது 150க்குக் கீழே. மேசையின் அந்த முனையில், ஒவ்வொரு பல்ஸாக அளந்தபோது 300ஐத் தாண்டியது. கேட்டதற்கு நிறுவனத்துப் பையன் மிக மரியாதையாக, தாளில் இருப்பது எங்கள் அளவீட்டு முறைப்படி சரிதான் ஐயா என்கிற தொனியில் ஒரு மின்னஞ்சல் போட்டார். அவர் சொன்னதும் சரிதான், அதுதான் எரிச்சல்.

அப்புறம் அந்த 300ஐக் கீழே கொண்டுவர என்ன செய்தோம் என்றால், லேசரைத் தொடவே இல்லை, அறையைத் திருத்தினோம். இந்த மாதிரி எல்லா ஆம்ப்ளிஃபையரும் ஒரே தத்துவத்தில்தான் ஓடுகிறது: பல்ஸை முதலில் ஆயிரக்கணக்கான மடங்கு நீட்டி, நீட்டிய நிலையில் பெருக்கி, கடைசியில் மறுபடி சுருக்குவது. 1985ல் ரோசெஸ்டரில் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூருவும் செய்து காட்டியது, 2018 நோபல். நீட்டாமல் பெருக்கினால் படிகம் வெந்துபோகும். ஒரு மில்லிஜூலை 25 ஃபெம்டோ வினாடியில் அடைத்தால் உச்சத் திறன் 40 ஜிகாவாட் இல்லையா. நீட்டுவதும் சுருக்குவதும் கிரேட்டிங் ஜோடிகள் வழியாக, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நுண்கோடு போட்ட தட்டுகள் வழியாக; சுருக்கும் பகுதிக்கும் கம்ப்ரஸர் என்றுதான் பெயர். அந்த ஜோடிக்கு நடுவே இருக்கும் தூரம் ஒரு மைக்ரோமீட்டர் மாறினாலே ஃபேஸ் சில ரேடியன் ஓடிவிடும். அலுமினியத் தட்டு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி வெப்பத்துக்கு, 23 மைக்ரோமீட்டர் நீளும். திருத்தும் சுற்று மெதுவான ஓட்டத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் குளிர்நீர் ஓடும் குழாயின் நடுக்கம், மேசைக்கு மேலே இருந்து வடிகட்டிய காற்றைக் கொட்டும் விசிறியின் அதிர்வு, இதெல்லாம் அதற்கு எட்டாத வேகம். எங்கள் சில்லர் (அந்தக் குளிர்நீரைத் தரும் பெட்டி) மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, நிறுவல் வரைபடத்திலேயே அப்படித்தான் போட்டிருந்தார்கள். அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளி, குழாயை மேசையைத் தொடாமல் தொங்கவிட்டு, காற்று வேகத்தைப் பாதியாக்கி, பீம் போகும் வழியெல்லாம் மூடி போட்டோம். எண் 200க்குக் கீழே வந்தது. இதற்கான செலவு மொத்த விலையில் ஒரு தூசு.

அதனால் லேசருக்கு ஆர்டர் போடும் முன் அறைக்குச் செலவழியுங்கள் என்பேன். ஈரப்பதமும் முக்கியம், குளிரூட்டிய படிகத்தின் மேல் பனித்துளி படிந்தால் அன்றோடு கதை முடிந்தது, பல்ஸை உள்ளே விட்டு வெளியே எடுக்கும் பாக்கெல்ஸ் செல்லின் படிகமும் ஈரத்தை உறிஞ்சும் ரகமாக இருக்கலாம். கடலோர ஊர்களில் ஆய்வகம் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

ஆரம்பத்தில் இருக்கும், பெருக்குவதற்கான பல்ஸை முதலில் உண்டாக்கும் ஆசிலேட்டரைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. டைட்டானியம்-சஃபையர் என்பதே ஒரு அதிசயப் படிகம், 1982ல் பீட்டர் மோல்டன் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தில் முதலில் லேசராக்கியது. 650லிருந்து 1100 நானோமீட்டர் வரை பெருக்கும், இவ்வளவு அகலமான நிறமாலை இல்லாமல் இவ்வளவு குட்டைப் பல்ஸ் வராது. பழைய ஆசிலேட்டர்களில் பல்ஸ் கிளம்ப ஒரு கண்ணாடியைச் செல்லமாகத் தட்ட வேண்டும், இதில் அந்தத் தட்டலை ஒரு மோட்டார் செய்கிறது. காலையில் பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடுகிறது. எனக்கு அந்தத் தட்டல்தான் பிடித்திருந்தது, ஆனால் அது வேறு கதை.

ஹாலோ ஃபைபருக்கு வருவோம். 1996ல் மிலானில் நிசோலி, டி சில்வெஸ்த்ரி, ஸ்வெல்டோ கொண்டுவந்த முறை: கால் மில்லிமீட்டர் துளையுள்ள, ஒரு மீட்டர் அளவு நீளமான கண்ணாடிக் குழாயில் நியானையோ ஆர்கானையோ நிரப்பி பல்ஸைச் செலுத்தினால் நிறமாலை அகன்றுவிடும், பிறகு அதற்கென்றே பூச்சு போட்ட கண்ணாடிகளில் தட்டித் தட்டி 5 ஃபெம்டோ வினாடிக்குச் சுருக்கலாம். நிறுவனம் இதையும் தொகுப்பாக விற்கிறது, விலையைப் பார்த்தால் குழாய்க்குத் தங்க முலாம் பூசியிருக்கிறார்களோ என்று தோன்றும். இதை வாங்காதீர்கள். ஒரு நல்ல பி.எச்டி மாணவர் ஒரு செமஸ்டரில் கட்டிவிடுவார், கட்டியவருக்கே பழுதுபார்க்கவும் தெரியும். ஆனால் பீம் ஆட்டத்தைத் திருத்தும் கேமரா-கண்ணாடித் தொகுப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பீம் ஒரு பொட்டு நகர்ந்தால் குழாயின் வாய் கருகும், கருகிய வாயோடு எவ்வளவு அலைன் செய்தாலும் பாதி ஆற்றல்கூட மறுபக்கம் வராது.

இது நான்காம் வகுப்பு லேசர், பாதுகாப்புத் தரவரிசையில் மிக ஆபத்தான வகுப்பு. பீம் பார்க்க மங்கலான சிவப்பாகத்தான் தெரியும், அதனால்தான் ஆபத்து, கண் கூசாது, இமையும் மூடாது. சேர்த்துக் கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடிகள் 800 நானோமீட்டரைச் சுற்றி மட்டும் தடுப்பவை; ஃபைபருக்குப் பிறகு நிறமாலை இரண்டு பக்கமும் விரிந்துவிடுகிறது, படிகத்துக்கு ஆற்றல் ஊட்டும் பம்ப் லேசரோ பச்சை நிறம். அதற்கெல்லாம் சேர்த்துத் தடுக்கும் கண்ணாடியைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. இவ்வளவு விலையுள்ள சாமானோடு இதைக் கொடுத்திருக்கலாம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக உட்கார்ந்த நாளில் இந்த லேசர் தருவதை வேறு எதுவும் தராது. நாங்கள் ஹீலியத்தில் வேலை செய்கிறோம். 60 எலெக்ட்ரான்வோல்ட் பக்கத்தில் அட்டோ வினாடிக் கதிரால் அடித்தால் ஹீலியத்தின் இரண்டு எலெக்ட்ரானும் ஒரே நேரத்தில் மேல் மட்டத்துக்கு ஏறும். அந்த நிலை ஏறக்குறைய 17 ஃபெம்டோ வினாடிதான் நிற்கும், அதற்குள் ஒன்று இன்னொன்றை வெளியே தள்ளிவிடும். நிறமாலையில் இது ஒரு பக்கம் சாய்ந்த, கோணலான கோடாகத் தெரியும், ஃபானோ கோடு என்பார்கள். 2013ல் ஹைடெல்பெர்க்கில் கிறிஸ்டியான் ஓட், தாமஸ் ஃபைஃபர் குழு, அந்தக் குட்டி நேரத்துக்குள் ஒரு சில ஃபெம்டோ வினாடி லேசர் பல்ஸால் அந்த எலெக்ட்ரான்களைச் சற்றே உதைத்து, கோணல் கோட்டை நேராக நிமிர்ந்த கோடாக மாற்றிக் காட்டியது. அணுவின் ஒரு அடையாளம் என்று நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிற உருவத்தையே ஒரு பல்ஸ் மாற்றிவிடுகிறது. எங்கள் மேசையில் அதே மாதிரி கோடு நிமிர்வதை முதலில் திரையில் பார்த்தபோது, பட்ட கோபமெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு மறந்துபோனது. இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும், இந்தச் சோதனைக்கு ஃபேஸைவிட இரண்டு பல்ஸுக்கும் இடையே உள்ள தாமதமும் செறிவும்தான் முக்கியம். உங்கள் வேலை முழுக்க இந்த ரகம் என்றால் ஃபேஸ் தொகுப்பையே தவிர்த்துவிட்டுப் பெரிய தொகையை மிச்சம் பிடிக்கலாம். இடது வலது பிரிக்கும் வேலை, ஒற்றை அட்டோ வினாடி பல்ஸ், இதற்கெல்லாம்தான் அது தேவை.

சர்வீஸ் பற்றிக் கேட்டால், வந்த பொறியாளர் மீது ஒரு குறையும் இல்லை, கை தேர்ந்த மனிதர், கண்ணை மூடிக்கொண்டு கம்ப்ரஸரை அலைன் செய்வார் போல. ஆனால் அவரை வரவழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பம்ப் லேசரின் டயோடு தொகுதி ஆற்றல் குறைந்துகொண்டே வந்து நின்றபோது வாரக்கணக்கில் காத்திருந்தோம், ஒப்பந்தத்தில் விரைவான சேவை என்று மட்டும் இருந்தது, எத்தனை நாளுக்குள் என்று இல்லை. நாள் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். டயோடு தேய்மானம் உத்தரவாதத்துக்குள் வருமா என்பதையும்.

இப்போதைய நிலவரத்தில் டைட்டானியம்-சஃபையரே வாங்க வேண்டுமா என்று கேட்டால், புதிதாக ஆய்வகம் தொடங்குபவருக்கு இட்டெர்பியம் என்ற தனிமத்தைக் கலந்து செய்த லேசரைத்தான் சொல்வேன். டைட்டானியம்-சஃபையரைப் பச்சை ஒளியால் பம்ப் செய்தால் விழுங்கிய ஆற்றலில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகப் போகிறது, அந்தப் பச்சை ஒளியைத் தயாரிக்கவே ஒரு தனி லேசர் வேண்டும். இட்டெர்பியத்தை நேரடியாக டயோடால் பம்ப் செய்யலாம், வெப்பம் மிகக் குறைவு, அதனால் 100 கிலோஹெர்ட்ஸ் ஓட்டினாலும் அலட்டிக்கொள்ளாது. ஒவ்வொரு எலெக்ட்ரானையும் அயனியையும் ஜோடி சேர்த்துப் பிடிக்கும் ரியாக்‌ஷன் மைக்ரோஸ்கோப் வேலைக்கு இது வரப்பிரசாதம். அங்கே பத்து பல்ஸுக்கு ஒரு அணுதான் உடைய வேண்டும், இல்லாவிட்டால் எந்த எலெக்ட்ரான் எந்த அயனியோடது என்று குழம்பிவிடும். ஒரு கிலோஹெர்ட்ஸில் வினாடிக்கு நூறு நிகழ்வு, 100 கிலோஹெர்ட்ஸில் பத்தாயிரம். எங்களுக்கு இரவெல்லாம் ஓடுகிற அளவீடு பக்கத்து அறைக்காரர்களுக்குக் காபி குடித்து வருவதற்குள் முடிகிறது. இதற்கும் ஒரு விலை உண்டு. பல்ஸ் நேராக வரும்போது 150லிருந்து 300 ஃபெம்டோ வினாடி வரை நீளம், அதை 5க்குக் கொண்டுவர பெரும்பாலும் இரண்டு கட்டமாகச் சுருக்க வேண்டும். 1030 நானோமீட்டர் என்பதால் அலை நீளம் கூடுகிறது, எலெக்ட்ரான் அதிக வேகத்தோடு திரும்பி வந்து இன்னும் உயர்ந்த ஆற்றல் கதிரைத் தரும், ஆனால் கதிரின் அளவு குறையும். பல்ஸ் ஒன்றுக்கு நிறைய மில்லிஜூல் வேண்டும் என்பவர்களுக்கு இன்னும் டைட்டானியம்-சஃபையர்தான் கைகொடுக்கிறது.

வாங்கவே முடியாத இடத்தில் இருப்பவர்கள் ஹங்கேரியின் செகெட் நகரில் இருக்கும் எலி-ஆல்ப்ஸ் (ELI-ALPS) லேசர் ஆய்வு மையத்துக்கு விண்ணப்பம் போடலாம், அட்டோ வினாடி ஆய்வுக்கென்றே கட்டியது, திட்டம் தேறினால் பீம் நேரத்துக்குக் காசு கேட்பதில்லை, வெளிநாட்டவரும் போகலாம்.

பலர் இட்டெர்பியத்துக்கு மாறுவதால் பழைய டைட்டானியம்-சஃபையர் ஆம்ப்ளிஃபையர்கள் கைமாறி வருகின்றன. அதைப் பார்க்கப் போனால் ஆற்றல் மீட்டரை யாராவது காட்டும் முன்பே பம்பின் ஓடிய மணிக்கணக்கைக் கேளுங்கள், கம்ப்ரஸர் மூடியைத் திறக்கச் சொல்லி கிரேட்டிங் மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் பழுப்பாக ஒரு நீள்வட்டக் கறை தெரிந்தால், புது கிரேட்டிங் ஜோடியின் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேரத்தையே ஆரம்பிக்க வேண்டும்.